காலண்டர் பூனையின் லட்சணம்

விருதுநகர் மாவட்ட உயர்வம்சப் புள்ளிப்பூனை வளர்ப்போர் நலச் சங்கத்தில் மொத்தம் இருபத்து மூன்று உறுப்பினர்கள். அவர்களில் பத்தொன்பது பேர் பொறுப்பாளர்கள். மீதி நான்கு பேரும் மனம் தளராமல் அடுத்த பொதுக்குழுவுக்காகக் காத்திருந்தார்கள். சங்கத்திடம் பூனைகள் பதினொன்று இருந்தன.

முதலாம் ஆண்டு விழா அழைப்பிதழ் மூன்று மடிப்பாக, தங்க நிற எழுத்தில் வந்திருந்தது. சிவகாசியில் அடித்த அழைப்பிதழ் என்பதால் அச்சில் ஒரு குறையும் இல்லை. அதில் பத்தொன்பது பொறுப்பாளர்களும் கைகூப்பியபடி வரிசையாக நின்றார்கள். பூனை, கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையில், தபால்தலை அளவில் இருந்தது.

அந்த அழைப்பிதழோடு ஒரு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, சங்கச் செயலாளர் முத்துக்கிருஷ்ணன் திருத்தங்கலில் வெள்ளைத்துரையின் வீட்டுக்கு நேரில் வந்தார். வெள்ளைத்துரை அறுபது வயதுவரை ஆஃப்செட் அச்சகத்தில் மிஷின்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அச்சகத்தின் முதலாளி அய்யாதுரைதான் சங்கத்தின் தலைவரும்.

"வெள்ளத்துரை, மொதலாளி பூனை உங்கிட்டதான இருக்கு?" என்றார் முத்துக்கிருஷ்ணன், வாசலிலேயே நின்றபடி.

"ஆமாங்கய்யா. பத்து நாளைக்குப் பாத்துக்கோன்னு குடுத்தாக."

"எப்போ?"

"போன ஐப்பசியில."

இது ஆவணி. முத்துக்கிருஷ்ணன் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, பத்து நாள் என்பது சற்று நீண்டுவிட்டதை ஒப்புக்கொண்டார்.

நடந்தது இதுதான். அய்யாதுரை பெரிய ஆசையோடு அந்தப் பெங்கால் ரகப் பூனையை வாங்கினார். பொன்னிற உடம்பு, அதில் சிறுத்தைக்கு இருப்பதுபோல வளையம் வளையமாகக் கறுப்புப் புள்ளிகள். வெயிலில் நின்றால் மயிர் நுனிகளில் ஜரிகை தூவியதுபோல மினுக்கும். 'கோல்டன் எம்ப்ரஸ் ஆஃப் சிவகாசி' என்று பெயர் சூட்டி, ஸ்டூடியோவிலிருந்து ஆள் வரவழைத்துப் படம் எடுத்து, சங்கத்தின் காலண்டரிலும் அதையே போட்டார். அதற்குள் எம்ப்ரஸ் சாமி அறைச் செம்பில் காலை விட்டு அளைந்தது. திரைச்சீலையில் ஏறி மேலே நின்றுகொண்டு கத்தியது. யாராவது பக்கத்தில் இல்லையென்றால் பக்கத்தில் வரும்வரை கத்தியது. விற்ற ஆளிடம் கேட்டதற்கு, "இந்த ரகம் அப்படித்தாங்க. கூடவே ஒரு ஆள் இருக்கணும்" என்றான். அய்யாதுரை வீட்டில் ஒன்பது பேர் இருந்தார்கள். கூடவே இருக்க ஒருவருக்கும் நேரமில்லை.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளைத்துரையின் மனைவி அய்யம்மாள் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அறுபது முடிந்து அவர் வேலையிலிருந்து நின்றதும் அந்த மாதம்தான். "நீ சும்மாதான இருக்க, வெள்ளத்துரை" என்று அய்யாதுரை கூடையை நீட்டினார்.

வெள்ளைத்துரை அதற்குத் தாயி என்று பெயர் வைத்தார். அவர் சமைத்தால் அடுப்பு மேடையில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். குளித்தால் வாளிக்குள் ஒரு காலை விட்டுத் தண்ணீரைக் கலக்கும். பேசினால் பதில் சொல்லும். பேசாவிட்டால் ஏன் பேசவில்லை என்று கேட்கும். அந்த வீட்டில் வேறு சத்தம் கிடையாது. மகள் ரோஜா திருப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்வாள். சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை இருக்காப்பா, சரிப்பா வைக்கிறேன் என்பாள். மீதி ஆறு நாளும் தாயிதான்.

கடிதத்தை முத்துக்கிருஷ்ணன் தானே படித்துக் காட்டினார். ஆண்டு விழாவில் பதினொரு பூனைகளுக்கும் பூர்வீகம், குணம், லட்சணம் என்று மூன்று தேர்வு நடக்கும். தேறிய பூனைக்கு வம்சப் பட்டயம் தரப்படும். அது உடனே உரிய உறுப்பினரின் இல்லத்துக்குத் திரும்பிவிட வேண்டும். தேறாத பூனையின் பெயர் வம்சப் பதிவேட்டிலிருந்து அடிக்கப்படும். அதன்பின் சங்கத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

"அப்ப தேறலன்னா?"

"தேறலன்னா அது எவன் வீட்லயும் கெடக்கலாம்" என்றார் முத்துக்கிருஷ்ணன். "ஆனா இது தேறிரும். தலைவர் பூனைல்ல."

அன்று ரோஜாவுக்கு வெள்ளைத்துரையே போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை இல்லாத நாளில் போன் வந்ததால் அவள் பயந்துபோய் எடுத்தாள். விஷயம் கேட்டபின் பெருமூச்சு விட்டாள். "ஒரு பூனைதானப்பா? குடுத்துட்டு நிம்மதியா இருங்க. நான் ஷிப்ட்டுல இருக்கேன், பொறவு பேசுறேன்."

போனை வைத்துவிட்டு வெள்ளைத்துரை தாயியைப் பார்த்தார். "ஏத்தா, பரீட்சையில தோத்துரு. என்ன?" என்றார். தாயி நீளமாக ஒரு பதில் சொன்னது. சம்மதம் என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

விழா நடந்தது சிவகாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் வாழைமரம், உள்ளே நாதஸ்வரம். வரவேற்பு மேசையில் சந்தனமும் கற்கண்டும் வைத்திருந்தார்கள். பன்னீர் தெளித்தபோது பத்துப் பூனைகள் முகத்தைச் சுளித்தன. தாயி மட்டும் இன்னும் கொஞ்சம் தெளிக்கும்படி கேட்டது.

முதலில் பூர்வீகத் தேர்வு. நான்கு பக்க விண்ணப்பம் ஒன்றைக் கொடுத்தார்கள். சங்கத்துக்கெனத் தனிப் படிவம் தயாரிக்க நேரமில்லாததால், அய்யாதுரையின் அச்சகத்தில் ஏற்கெனவே இருந்த திருமணத் தகவல் மையத்தின் படிவத்திலேயே தலைப்பை மட்டும் மாற்றி அடித்திருந்தார்கள். நட்சத்திரம், குலதெய்வம், தாய்மாமன் பெயர், சொந்த வீடா வாடகை வீடா, எதிர்பார்ப்பு.

வெள்ளைத்துரை தாய்மாமன் பெயரில் தடுமாறி நின்றார்.

"தெரியலன்னா 'காட்டில் வசிக்கிறார்'னு போடு" என்றார் முத்துக்கிருஷ்ணன். "எல்லாரும் அதான் போட்டுருக்காக. இந்த வம்சத்தோட மூல ஆத்தா காட்டுப்பூனை. சிறுத்தைப் பூனைம்பாக. அமெரிக்காவுல வீட்டுப்பூனையோட சேத்து உண்டாக்குனது இந்த இனம். நான் இதுக்காக கல்கத்தா வரைக்கும் போய் விசாரிச்சேன்."

"அமெரிக்காவுல உண்டாக்குனதுக்கு எதுக்கய்யா கல்கத்தாவுக்குப் போனீக?"

"பேரு பெங்கால்ல இருக்குல்ல. பூர்வீகத்தை விடலாமா? அங்கன உள்ளவுக யாருக்கும் ஒண்ணும் தெரியல. மீனு சாப்பிட்டீகளான்னுதான் கேட்டாக."

அப்போது தலைவர் அய்யாதுரை ஒலிபெருக்கியைப் பிடித்தார். பட்டுவேட்டி, தோளில் சங்கத்தின் துண்டு. அதில் புள்ளிகள் அச்சிட்டிருந்தன.

"இந்தப் பூனைக்கும் நமக்கும் ஒரு ஒற்றுமை இருக்கு. காட்டுல இருந்து நாலு தலைமுறை தள்ளி வந்தாத்தான் இதை வீட்டுப் பூனைன்னு ஒத்துக்கிடுவாக. எங்க தாத்தாவுக்கு அப்பா தலைச்சுமையா கருப்பட்டி வித்தவர். நான் நாலாவது தலைமுறை. இப்ப யாராச்சும் அதைப் பேசுறாகளா? பேச மாட்டாக. பேசுனா விட மாட்டோம். வம்சம்னா அதான். எங்கருந்து வந்தோம்னு நல்லாத் தெரியணும். தெரிஞ்சவன் வாயைத் தொறக்கக் கூடாது."

பலத்த கைதட்டல். தாயிக்குப் பூர்வீகத்தில் முழு மதிப்பெண் விழுந்தது.

இரண்டாவது, குணத் தேர்வு. நடத்தியவள் சுகிர்தா, அய்யாதுரையின் தம்பி மகள். மூன்று வாரம் ஆன்லைனில் பூனைக் குணவியல் படித்திருந்தாள். சங்கத்தில் குண ஆய்வுப் பிரிவின் தலைவி, துணைத் தலைவி, பொருளாளர் எல்லாம் அவளே. வெள்ளைத்துரை இந்தத் தேர்வைத்தான் நம்பியிருந்தார்.

"நல்ல குணம் ஒண்ணுகூடக் கெடையாதும்மா" என்று ஆரம்பித்தார். "ஓயாமக் கத்தும்."

"உரையாடும் இயல்பு" என்று சொல்லிக்கொண்டே சுகிர்தா எழுதினாள். "பத்துக்குப் பத்து."

"அரிசிப் பானை மூடியத் தொறந்து உள்ள உக்காந்துக்கிடும்."

"கூர்மதி. பத்துக்குப் பத்து. இன்னும் சொல்லுங்கய்யா."

"வாளித் தண்ணியில காலை விட்டு வீடு பூராத் தெளிக்கும். ஒத்தையில விட்டுட்டுக் கடைக்குப் போனா, நான் வாரதுக்குள்ள பாயைக் கிழிச்சுப் போட்டுரும்."

"நீர் விருப்பம். துணை விருப்பம்." அவள் கண்கள் பனித்தன. "ஐயா, எங்க பூனை எல்லாம் சோபாவுல படுத்துத் தூங்குறதோட சரி. இதுதான் புத்தகத்துல உள்ள பூனை."

வெள்ளைத்துரை வாயை மூடிக்கொண்டார். இன்னும் ஒரு குறை சொன்னால் பரிசுக் கோப்பையே கொடுத்துவிடுவார்கள் போலிருந்தது.

அடுத்தது அஞ்சாமை. 'எதிர்பாராத ஓசைக்கு இவ்வினம் கலங்குவதில்லை' என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. எதிர்பாராத ஓசைக்குச் சிவகாசியில் என்ன பஞ்சம்? மண்டபத்தின் பின்புறம் ஒரு சரவெடியைப் பற்ற வைத்தார்கள். பத்துப் பூனைகளும் பத்துத் திசைக்குப் பறந்தன. இரண்டு சமையல்கட்டுக்குள் போய்ச் சாம்பார் அண்டாவின் பின்னால் ஒளிந்தன. ஒன்று நாதஸ்வரக்காரரின் மடியில் ஏறியது. சில பொறுப்பாளர்களும் இடம் மாறியிருந்தார்கள். அய்யாதுரை காதைப் பொத்தியபடி, "நம்ம பொழப்பே இதான், இருந்தாலும்" என்றார்.

தாயி முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. வெள்ளைத்துரையின் வீட்டுக்குப் பின்னால் ஒரு பட்டாசுக் கம்பெனி உண்டு. தினமும் நாலு மணிக்கு அங்கே சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். தாயிக்கு இந்தச் சரவெடியும் நாலு மணி, அவ்வளவுதான்.

"நூத்துக்கு நூறு!" என்று கூவினாள் சுகிர்தா.

"பாத்தியா, யாரு பூனை?" என்றார் அய்யாதுரை. "வெள்ளத்துரை, சாயங்காலம் நம்ம வண்டியில ஏத்தி விட்டுரு. இனி வீட்டுக்குள்ள விட மாட்டேன். மாடியில தனிக் கூண்டு, ஏசியோட ஆர்டர் போட்டாச்சு."

"கூட யாரு மொதலாளி இருப்பா?"

"கேமரா இருக்கும்ல."

மூன்றாவது லட்சணத் தேர்வு. மேடைத் திரையை விலக்கினார்கள். ஆறடி உயரத்தில், சங்கக் காலண்டரின் பூனைப் படம் நின்றது. வெள்ளைத்துரை அந்தக் காலண்டரை வீட்டில் மாட்டியதே இல்லை. நிமிர்ந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

சுகிர்தா ஒரு குச்சியால் சுட்டிக்காட்டினாள். "சங்கத்தின் லட்சண விதி, காலண்டரை வச்சு வகுக்கப்பட்டது. ஒவ்வொரு புள்ளியோட வலப்பக்கமும் லேசா ஒரு ரோஸ் நிழல் தெரியுது பாருங்க. அதுதான் ராஜ நிழல். உலகத்துல வேற எந்தச் சங்கமும் இதைக் கண்டுபிடிக்கல. நிழல் இல்லாத புள்ளி, புள்ளியே இல்ல."

வெள்ளைத்துரை முப்பத்தெட்டு வருடம் பார்த்த சமாச்சாரம் அது. நாலு கலர் படத்தில் மஞ்சள், நீலம், மெஜந்தா, கறுப்பு நான்கும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். ஒன்று அரை மில்லி நகர்ந்தாலும் உருவத்தின் ஓரத்தில் இப்படி நிழல் அடிக்கும். ரிஜிஸ்டர் அவுட் என்பார்கள். மிஷின்மேனின் முதல் பாடமே அதைப் பிடிப்பதுதான். அந்தக் காலண்டரை ஓட்டிய மிஷின்மேன் அவர்தான்.

சுகிர்தா லென்ஸை வைத்துத் தாயியின் முதுகைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி முதுகைப் பார்த்தாள். "நிழல் இல்லையே பெரியப்பா" என்றாள்.

"படத்துல இருக்கதே இந்தப் பூனைதானம்மா!"

"இருக்கலாம். ஆனா இது அது மாதிரி இல்லையே."

வெள்ளைத்துரைக்கு நெஞ்சு லேசானது. தோற்றுவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். தாயியைக் கூடைக்குள் விட்டு மூடியைப் போட்டார்.

"இரு, இரு" என்று முத்துக்கிருஷ்ணன் வந்தார். கையில் மருதாணிக் கூம்பு ஒன்று இருந்தது. "இதுக்குப் போயி. மத்த பத்துக்கும் நேத்தே போட்டாச்சு. அய்யாதுரை அண்ணாச்சி பூனைக்கு மட்டும் தேவைப்படாதுன்னு நெனச்சோம். புள்ளிக்கு ஒரு இழுவை. புடி, வெள்ளத்துரை. அசையாமப் புடி."

மற்ற பூனைகளை அப்போதுதான் வெள்ளைத்துரை கவனித்துப் பார்த்தார். எல்லாவற்றின் முதுகிலும் புள்ளிக்குப் புள்ளி, வலப்பக்கமாக, மருதாணி. ஒன்று அதை நக்க முயன்று, நாக்கை நீட்டியபடி பரிதாபமாக உட்கார்ந்திருந்தது.

அவர் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "வேண்டாமுய்யா. அது நிழல் இல்ல. ரிஜிஸ்டர் தள்ளுனது. மெஜந்தா பிளேட்டு அரை மில்லி வெலகி நின்னுருக்கு. நான்தான் ஓட்டுனேன். என் தப்பு."

நாதஸ்வரம் நின்றது.

விதிப்படி, உறுப்பினர் அல்லாதவர் சபையில் பேச மூன்று நிமிடம். முத்துக்கிருஷ்ணன் மணியை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். "சொல்லு. உன்னய மாதிரி மிஷின்மேன் எப்படிக் கவனிக்காம விட்ட?"

வெள்ளைத்துரை ஒலிபெருக்கி முன்னால் நின்றதில்லை. கூடையோடு நின்றார். "சீசன் நேரம். அய்யம்மா தவறி மூணாம் நா பால் தெளிச்சோம். நாலாம் நா மெசினுக்கு வந்துட்டேன். மொதலாளி ஆள் விட்டுருந்தாக."

"ஆமா" என்று அய்யாதுரை சபைக்கு விளக்கினார். "துக்க வீட்டுக்கே நான் நேர்ல போனேன். மாலை போட்டேன். அங்கனயே சொல்லிட்டுத்தான் வந்தேன், நீ வந்தாத்தான் மெசின் ஓடும்னு. தொழிலாளிக்கு நான் குடுக்கிற மரியாதை அப்படி."

"மொதத் தாளை எடுத்து லென்ஸ் வச்சுப் பாத்தேன்" என்றார் வெள்ளைத்துரை. "கண்ணு நெறஞ்சு நெறஞ்சு வந்துச்சு. எல்லாமே ரெண்டு ரெண்டாத்தான் தெரிஞ்சது. எது படத்துல ரெண்டு, எது கண்ணுல ரெண்டுன்னு புடிபடல. சரியாத்தான் இருக்கும்னு ஓட்டிட்டேன். அவ போன அன்னைக்குக் காலையில நான் வேலைக்குக் கெளம்புறப்ப, வாசல்ல நின்னு ஒண்ணு சொன்னா மொதலாளி. அது என்னன்னா..."

மணி அடித்தது. மூன்று நிமிடம் முடிந்திருந்தது.

வெள்ளைத்துரை நிறுத்தினார். இத்தனை மாதத்தில் இதைப் பற்றி அவரை யாரும் கேட்டதில்லை. இன்று கேட்டவர்களும் அதற்குள் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

"விஷயம் சீரியஸ்" என்றார் அய்யாதுரை. "ஐயாயிரம் காலண்டர் வெளிய போயிருக்கு. ஆபீஸ் ஆபீஸாத் தொங்குது. பூனை ஒண்ணே ஒண்ணு. ஐயாயிரம் தப்பா இருக்குமா, ஒண்ணு தப்பா இருக்குமா?"

"ஒண்ணுதான்" என்றது சபை.

"பத்துப் பூனைக்கு மருதாணி போட்ட உழைப்பு என்னாகுறது?" என்றார் முத்துக்கிருஷ்ணன்.

சுகிர்தா மட்டும் லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். "பெரியப்பா, அவர் சொல்றது சரியா இருந்தா..."

"சரியா இருந்தா நம்ம அச்சகத்துல தப்பா அடிச்சோம்னு ஆகும், பாப்பா."

அவள் லென்ஸைப் பைக்குள் போட்டாள்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. காலண்டரின் லட்சணமே இனத்தின் லட்சணம். அதற்கு மாறான உடலமைப்போடு சபைக்கு வந்த பூனை, வம்சத்திலிருந்து நீக்கப்படுகிறது. மருதாணியும் மறுக்கப்படுகிறது. நடவடிக்கைக் குறிப்பில், 'அச்சுப் பிழை எனக் கூறப்பட்டதன் காரணம்' என்ற இடத்தில் முத்துக்கிருஷ்ணன் 'சொந்த அலுவல்' என்று எழுதினார்.

அய்யாதுரை கீழே இறங்கி வந்தார். கோபம் போய், கொஞ்சம் வருத்தம் மாதிரிகூட இருந்தது. "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா இந்நேரம் அது எம்ப்ரஸு. இப்பப் பாரு, ஒண்ணுமில்லாமப் போச்சு. நீயே வச்சுக்கோ."

"சரிங்க மொதலாளி."

"அடுத்த மாசம் புதுக் காலண்டர் ஓடும். அதே நிழல் வேணும், அரை மில்லி. பயலுகளுக்கு எல்லாம் நேராத்தான் அடிக்க வருது. நீ வந்து நகட்டிக் குடுத்துட்டுப் போ."

வெள்ளைத்துரை அதற்குச் சரி என்று சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகும்படி யாரும் சொல்லவுமில்லை.

திருத்தங்கல் பேருந்தில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டார். தாயி மூடி இடுக்கில் முகத்தை நீட்டிப் பேருந்து முழுவதற்கும் கேட்கும்படி பேசியது.

நடத்துநர் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன பெருசு இது, சிறுத்தைக் குட்டியா? எறங்குங்க முதல்ல."

"பூனைதான் தம்பி. எழுதிக் குடுத்துருக்காக, பாருங்க." சங்கம் கொடுத்த காகிதத்தை நீட்டினார்.

நடத்துநர் கம்பியில் சாய்ந்துகொண்டு உரக்கப் படித்தார். "மேற்படி விலங்கு புள்ளிப்பூனை அல்ல என இதனால் சான்றளிக்கப்படுகிறது." கூடையைப் பார்த்தார். உடம்பு முழுக்கப் புள்ளி. "அப்ப இது என்னதான்?"

"எங்க வீட்ல இருக்கது" என்றார் வெள்ளைத்துரை.

நடத்துநர் காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, ஒரு டிக்கெட் மட்டும் கிழித்தார்.

வீட்டுக்குள் வந்து கூடையைத் திறந்ததும் தாயி நேராக வாளிக்குப் போனது. வெள்ளைத்துரை விளக்கைப் போட்டார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். தெருவில் கம்பெனிப் பெண்கள் வேலை முடிந்து பேசிச் சிரித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. போனை எடுத்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

"ஏத்தா" என்றார். "அங்கன பாதியில மணி அடிச்சுட்டாக."

தாயி வாளியிலிருந்து திரும்பிப் பார்த்து ஒரு குரல் கொடுத்தது.

"வாசல்ல நின்னா. சட்டையில ரெண்டாவது பட்டன் போடல, அதைப் போட்டுவிட்டா. 'இன்னைக்கு வெரசா வந்துருங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்'னா. லோடு கெடக்கு, பொழுதடைஞ்சு பேசுவோம்னு சைக்கிளை எடுத்துட்டேன். மத்தியானம் ஆள் வந்து கூப்புடுறான், வந்து பாத்தா..." மணி அடிக்க அங்கே யாரும் இல்லை. "என்ன சொல்ல வந்தான்னு இன்னைவரைக்கும் எனக்குத் தெரியாது தாயி."

தாயி ஈரக் காலோடு வந்து, அவர் வேட்டி முழுக்க நனைத்துக்கொண்டு மடியில் ஏறி உட்கார்ந்தது.